‘ஐ7 இருக்கா?’ என்று கேட்கும் அப்பாக்களுக்கு

பதிவு நீளம். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து படியுங்கள். கோபத்தில் எழுதுகிறேன் என்று உங்கள் அத்தை சொல்கிறாள். ஆமாம், கோபம்தான். அதில் பாதி என் மீது.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். இப்போது வங்கியில் நல்ல பதவி. "சார், பையன் கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறான். டவுன்ல ஒரு கடையில ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, மானிட்டரோட 28 ஆயிரம் சொல்றாங்க. இவன் என்னடான்னா ஐ5 போதும்னு சொல்லிட்டு அறுபதாயிரத்துக்கு லிஸ்ட் போட்டு வெச்சிருக்கான். ஐ5-க்கு எதுக்கு சார் அறுபதாயிரம்? பய ஏமாத்துறானோ?"

"பையன் சொல்றதுதான் சரி" என்றேன். அவர் சிரித்தார். சார் வயதாகிவிட்டதால் பேரப்பிள்ளைகள் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று நினைத்திருப்பார். அன்று இரவே நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சு. "விளையாட்டுக்கு அறுபதாயிரமா?", "கடைக்காரன் குடுக்குறத விட இவனுங்களுக்கு அதிகமா தெரியுமா?" பத்துப் பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தீர்கள். அந்தப் பத்துப் பேருக்கும் சேர்த்துத்தான் இது.

முதலில் அந்த ஐ7. அது ஒரு பட்டப் பெயர். ‘ஹெட்மாஸ்டர்’ மாதிரி. எந்தப் பள்ளிக்கு, எந்த ஆண்டில் என்று தெரியாமல் அதற்கு அர்த்தம் இல்லை. 28 ஆயிரம் ரூபாய்க்கு மானிட்டரோடு வரும் ஐ7 பெரும்பாலும் 2600 அல்லது 3770 என்று எண் போட்டிருக்கும். இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை. 2011-லும் 2012-லும் வெளிவந்தவை. நான்கு கோர். ஏதோ ஓர் அலுவலகத்தில் பத்து வருடம் உழைத்து, ஏலத்தில் போய், துடைத்து, புதுக் கேபினெட்டில் உட்கார்ந்திருக்கும் சாமான். பையன் கேட்ட ஐ5 12400எஃப் என்பது 2022-இல் வந்தது. ஆறு கோர், பன்னிரண்டு திரெட். அதை விடுங்கள், அதே தலைமுறையின் ஐ3 12100 கூட அந்தப் பழைய ஐ7-ஐ எழுந்திருக்க விடாது. ‘ஐ’க்குப் பிறகு வரும் ஒற்றை எண்ணைப் பார்க்காதீர்கள். கோடு போட்டு அதற்குப் பிறகு வரும் நான்கைந்து இலக்கத்தைப் பாருங்கள். முதல் ஒன்றோ இரண்டோ இலக்கம் தலைமுறை. இது ஒன்றைத் தெரிந்துகொண்டாலே கடையில் உங்களிடம் பேசும் தொனி மாறும்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஒத்துக்கொள்ளும் இன்டெல் பிராசசர்கள் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆக அந்த ஐ7-ஐ வாங்கும் நாளிலேயே அது ஓய்வு பெற்ற ஆள். என்னைப் போல. எனக்காவது பென்ஷன் வருகிறது.

அடுத்தது ‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’. ஜிபி என்பது கொள்ளளவு. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டுவிட்டுக் குழாய் என்ன அளவு என்று கேட்காமல் வீடு கட்டுவீர்களா? அந்த 28 ஆயிரம் பெட்டிகளில் வழக்கமாக இருப்பது ஜிடி 730. 2014-இல் வந்த கார்டு. அந்த ஒரே பெயரில் மூன்று விதமான கார்டுகளை விற்றார்கள். அவற்றில் 64 பிட் அகலமும் டிடிஆர்3 நினைவகமும் கொண்ட வகையில் ஒரு வினாடிக்கு 14.4 ஜிகாபைட் தகவல் போய்வரும். பையன் லிஸ்டில் இருக்கும் ஆர்எக்ஸ் 6600-இல் அதே ஒரு வினாடிக்கு 224 ஜிகாபைட். வகுத்துப் பாருங்கள், பதினைந்து மடங்குக்கு மேல். கணக்குப் போடும் திறனும் பல மடங்கு. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டுக்குக் குறைந்தபட்சத் தேவையே இந்த ஆர்எக்ஸ் 6600-தான். ஜிடி 730-இல் படம் காட்டும், கார்ட்டூன் ஓடும், எக்செல் திறக்கும். பையன் எதற்காகக் கேட்டானோ அது மட்டும் நடக்காது. நீங்கள் மிச்சம் பிடித்தது முப்பதாயிரம் இல்லை. வீணடித்தது 28 ஆயிரம்.

பெயரை வைத்து விளையாடுவது கடைக்காரர் மட்டும் இல்லை, கம்பெனிக்காரர்களும்தான். ஜிடி 1030 என்று ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு ஒன்று விற்றார்கள். பிறகு அதே பெயரில் சாதாரண டிடிஆர்4 போட்டு இன்னொன்றை விட்டார்கள். வேகம் பாதியாகக் கூட இறங்கும், பெட்டியில் பெயர் ஒன்றுதான். ஜிடிஎக்ஸ் 1060 என்று 3 ஜிபி, 6 ஜிபி இரண்டு. நினைவகம் மட்டும்தான் வேறு என்று நினைத்து வாங்கியவர்களுக்கு உள்ளே இருந்த கோர்களின் எண்ணிக்கையும் குறைவு. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு சில்லுகளை அறிவித்துவிட்டு, எல்லோரும் திட்டியதும் என்விடியா அதில் ஒன்றைத் திரும்பப் பெற்றது. இப்போதும் 5060 டிஐ என்று கேட்டால் 8 ஜிபியும் உண்டு, 16 ஜிபியும் உண்டு. முழுப்பெயர் கேட்காமல் பெண் கொடுக்க மாட்டோம், கார்டு மட்டும் வாங்கிவிடுவோம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்டுவது நியாயம் இல்லை.

2023 தீபாவளிக்கு முன்பு என் தங்கை பேரன் கம்ப்யூட்டர் வாங்க லிஸ்ட் போட்டான். கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஸ்டுடியோ ஒன்றுக்குக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுத்து இரண்டு வருடத்தில் 31 ஆயிரம் சேர்த்திருந்தான். மீதியை அவன் அப்பா, அதாவது என் மருமகன், போடுவதாக ஏற்பாடு. லிஸ்ட் கையால் எழுதியது. ரைசன் 5 5600 பிராசசர் 12,000. பி550 மதர்போர்டு 9,500. எட்டு எட்டாக 16 ஜிபி ரேம் 3,600. ஆர்எக்ஸ் 6600 கார்டு 20,500. 1 டிபி என்விஎம்இ 4,800. 550 வாட் எஸ்எம்பிஎஸ் 4,300. முன்பக்கம் வலை போட்ட கேபினெட் 3,500. மொத்தம் 58,200. மானிட்டர் வீட்டிலேயே இருந்தது. இன்று எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன், அந்த விலைக்கு அந்த நாளில் அதைவிட ஒழுங்கான பட்டியலை நான் போட்டிருக்க முடியாது.

அன்று எனக்குத் தெரியாது. மருமகன், "மாமா, நீங்க ஃபிசிக்ஸ் வாத்தியார், கூட வாங்க" என்று அழைத்தார். போனேன். கடைக்காரர் மரியாதையாக நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். லிஸ்டைப் பார்த்துவிட்டு, "தம்பி நல்லாத்தான் போட்டிருக்கு, ஆனா ரெண்டு இடத்துல காச விடுது சார். போர்டுக்கு இவ்வளவு தேவையில்ல. எஸ்எம்பிஎஸ் தனியா எதுக்கு? கேபினெட்டோடயே 500 வாட் வருது, கண்ணாடி, ஆறு லைட் ஃபேன்" என்றார். பேரன் தயங்கினான். "தாத்தா, எஸ்எம்பிஎஸ் மட்டும் மாத்த வேண்டாம்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "550-க்கும் 500-க்கும் என்னப்பா பெரிய வித்தியாசம்?" முப்பத்து நான்கு வருடம் மின்னியல் நடத்திய வாய்.

பேரம் பேசி, ரவுண்டாக 50 ஆயிரத்துக்கு முடித்தேன். 8,200 மிச்சம். வரும் வழியில் நானும் மருமகனும் பெருமையாகப் பேசிக்கொண்டு வந்தோம். பின்சீட்டில் பேரன் ஒன்றும் பேசவில்லை.

2024 ஏப்ரலில் ஒரு மாலை, மின்சாரம் இரண்டு மூன்று முறை இறங்கி ஏறியது. விளையாடிக்கொண்டிருந்தான். ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகல் வாசனை. எஸ்எம்பிஎஸ் போனது மட்டும் இல்லை, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. கடைக்குப் போனால், "கேபினெட்டோட வர்ற எஸ்எம்பிஎஸ்-க்கு வாரண்டி கிடையாது சார்". போர்டுக்கு? "பில் இருக்கா?" எடுத்துப் பார்த்தால் எங்களிடம் இருந்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, சீரியல் எண் இல்லை. பில் போட்டால் 18 சதவீதம் கூடும் என்று சொன்னபோது, பில் வேண்டாம் என்றவன் நானேதான்.

வீட்டுக்கு வந்து அந்த எஸ்எம்பிஎஸ்-ஐக் கழற்றி லேபிளைப் படித்தேன். முகப்பில் பெரிதாக 500. கீழே கட்டத்தில் சின்ன எழுத்தில்: +12 வோல்ட், 17 ஆம்பியர். பத்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. 12 பெருக்கல் 17. இருநூற்று நான்கு வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது முழுக்க இந்த 12 வோல்ட் வரியில்தான். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட் என்று ஏஎம்டி சொல்கிறது. பிராசசருக்கு 65-இலிருந்து 75 வரை. கூட்டினால் 200. ஃபேன்கள், போர்டு எல்லாம் இன்னும் சேரவில்லை. கார்டு கணப்பொழுதில் இழுக்கும் கூடுதலும் சேரவில்லை. மீதி ‘500’ எங்கே? 3.3 வோல்ட், 5 வோல்ட் வரிகளில் யாருக்கும் தேவையில்லாத ஆம்பியர்களை எழுதி ஏற்றியது. அவற்றையாவது உண்மையாகக் கொடுத்திருக்குமா என்பது தனிக் கேள்வி. மின்சாரம் இறங்கி ஏறியதால் போனதா, சுமை தாங்காமல் போனதா என்று நான் நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. ஆனால் ஐந்து மாதமாக விளிம்பில் நிறுத்தி வைத்துவிட்டுக் காற்றின் மீது பழி போடுவதில் அர்த்தம் இல்லை. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பிறகு வாங்கிய நல்ல எஸ்எம்பிஎஸ் அதைப் போல இருமடங்குக்கு மேல் கனம். உள்ளே செம்பும் இரும்பும் இருந்தால்தானே கனக்கும்.

புது எஸ்எம்பிஎஸ் 4,400, போர்டு 9,000, சர்வீஸ் 600. பதினாலாயிரம். நான் மிச்சம் பிடித்தது 8,200. கார்டும் பிழைத்ததா என்று இன்னொரு பையன் வீட்டில் போட்டுப் பார்க்கும்வரை ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிழைத்தது. பேரன் திட்டவில்லை. "பரவாயில்ல தாத்தா" என்றான். அது இன்னும் மோசம். அவன் பழைய லிஸ்ட் என் சட்டைப் பையிலேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். எஸ்எம்பிஎஸ் வரிக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதி வைத்திருக்கிறான்: ‘12வோ-ல் 40 ஆம்ப்-க்கு மேல இருக்கணும்’. கடையில் அதைப் படிக்கச் சொல்லி அவனைக் கேட்டிருந்தால் படித்திருப்பான்.

இப்போது புரிகிறதா, யார் மீது கோபம் என்று? கடைக்காரரைக் குறை சொல்லிவிட்டு நான் நழுவ மாட்டேன். அவரிடம் பிறகு ஒருநாள் நேராகவே கேட்டேன். "சார், வர்ற அப்பாமாரு எல்லாம் ரெண்டே கேள்விதான் கேக்குறாங்க. ஐ7-ஆ? எத்தன ஜிபி? எஸ்எம்பிஎஸ் என்னன்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல. கேக்காத பொருளுக்கு நான் ஏன் நாலாயிரம் போடணும்?" என்றார். ஏமாற்றியதற்கு அது சமாதானம் ஆகாது. ஆனால் பொய் இல்லை. நாம் கேட்கும் இரண்டு கேள்விக்கும் பதிலாகத்தான் அந்த 28 ஆயிரம் பெட்டியே பிறக்கிறது. அதைச் செய்து கொடுப்பது கடை. செய்யச் சொல்வது நாம்.

என் தொழிலையும் இதில் சேர்த்துக்கொள்கிறேன். P=VI-ஐ நான் இரண்டு மதிப்பெண் கேள்வியாக நடத்தினேன். திறன் சமம் மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம், எழுது, கோடிடு, அலகு போடு, அலகு போடாவிட்டால் அரை மதிப்பெண் கட். ஒருநாளாவது ஒரு மிக்ஸியைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் லேபிளைப் படிக்கச் சொன்னேனா? இல்லை. என்னிடம் படித்தவர்கள் இப்போது அப்பாக்கள். லேபிளைக் கவிழ்த்துப் பார்க்காத அப்பாக்கள். நன்றாகத்தான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

பிள்ளைகள் சொல்வதெல்லாம் வேதம் என்றும் நான் சொல்லவில்லை. யூடியூபைப் பார்த்துவிட்டு 850 வாட் எஸ்எம்பிஎஸ், பிராசசருக்குத் தண்ணீர்க் குளிர்விப்பான், பந்தயக் கார் சீட் மாதிரி நாற்காலி என்று எழுதிக்கொண்டு வருகிறவனும் உண்டு. ‘ஃபியூச்சர் ப்ரூஃப்’ என்பான். அஞ்சு வருடம் கழித்து வரப்போகும் விளையாட்டுக்கு இன்று காசு கட்டுவது எல்ஐசி பாலிசி இல்லை. 65 வாட் பிராசசருக்கு டப்பாவோடு வரும் ஃபேனே போதும். வேண்டுமானால் ரெண்டாயிரம் ரூபாய் கூலர். மிச்சத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடச் சொல்லுங்கள். விளையாட்டுக் கம்ப்யூட்டரில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் நாற்பது சதவீதம் அந்தக் கார்டுக்குத்தான் போக வேண்டும். எங்கே போகவில்லையோ அங்கே யாரோ ஏமாந்திருக்கிறார்கள்.

விளக்குகளைப் பற்றி ஒரு வரி. முன்பக்கம் கண்ணாடி போட்டு மூடிவிட்டு உள்ளே ஆறு ஃபேன் சுற்றினால் காற்று எங்கிருந்து வரும்? நம் ஊர் மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், வலை போட்ட முகப்பும் இரண்டு மூன்று சாதாரண ஃபேனும் அந்த வர்ண ஜாலத்தைவிட நல்லது. தூசி படியும், மாதம் ஒருமுறை துடைக்கட்டும். அது அவன் வேலை.

இன்றைய நிலவரம் கேட்பவர்களுக்கு. மேலே நான் சொன்ன விலைகளை வைத்துக் கடையில் சண்டை போடாதீர்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு நினைவகம் செய்து கொடுப்பதில் லாபம் அதிகம் என்று தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மைக்ரான் கம்பெனி தன் ‘குரூஷல்’ சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக டிசம்பரில் அறிவித்தது. எங்கோ ஒரு மெஷின் கவிதை எழுதுவதற்கு நம் வீட்டுப் பையன் ரேமுக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கிறான். அதனால் இப்போது வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: வீட்டில் பழைய டிடிஆர்4 ரேம் நல்ல நிலையில் இருந்தால் அதை விடாதீர்கள். ரைசன் 5 5600-உம் ஐ5 12400எஃப்-உம் டிடிஆர்4 போர்டில் இன்னும் நன்றாக ஓடும். ஏஎம்5 போர்டு, ரைசன் 5 7600 என்று போனால் பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அது நல்லதுதான். ஆனால் அதற்கு டிடிஆர்5 மட்டுமே போகும். இன்றைய விலையில் அது மென்னியைப் பிடிக்கும். எதுவானாலும் 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காதீர்கள், எட்டு எட்டாக இரண்டு. இரண்டு வழிப் பாதையில் போக்குவரத்து வேகம்.

கார்டில் வேலோரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் ஆடுகிறவனுக்கு 8 ஜிபி போதும். பெரிய புது விளையாட்டுகளை நாலு வருடம் ஆட வேண்டும் என்றால் 12 அல்லது 16 ஜிபிக்குப் போகலாம். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி வாங்கினால் 16 என்று அழுத்திச் சொல்லி வாங்குங்கள், அதிலும் 8 உண்டு. இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபியோடு மலிவாகத் தெரியும். பழைய பிராசசரோடு மட்டும் அதைக் கட்டி வைக்காதீர்கள், ஜோடி சேராது. செகண்ட் ஹேண்ட் கார்டு பாவம் இல்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் முறை மாறும்வரை இரவும் பகலும் மைனிங்கில் வெந்த கார்டுகள் சந்தையில் இருக்கின்றன என்பதால், அரை மணி நேரம் கண் முன்னால் விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் எஸ்எம்பிஎஸ் மட்டும் வேண்டாம். எஸ்எம்பிஎஸ்-இல் ‘80 பிளஸ்’ முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் அது மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றுகிறதா என்பதைத்தான் சொல்லும். ஷார்ட் ஆனால் தானே நிற்குமா என்பதைச் சொல்லாது. ஆகவே 12 வோல்ட் ஆம்பியர், எத்தனை வருட வாரண்டி, இரண்டையும் பாருங்கள்.

லேப்டாப் வாங்கிக் கொடுக்கலாமே என்பவர்களுக்கு: ஹாஸ்டலில் இருக்கிறவனுக்குச் சரி, வாங்கிக் கொடுங்கள். வீட்டில் இருக்கிறவனுக்கு அதே காசில் கிடைப்பது குறைவு. லேப்டாப்பில் ஆர்டிஎக்ஸ் 4060 என்று எழுதியிருக்கும். அதற்கு 35 வாட் கொடுப்பதா 115 கொடுப்பதா என்பது செய்கிற கம்பெனியின் இஷ்டம். பெயர் அதே பெயர்.

கரண்ட் பில் என்று கவலைப்பட்ட சித்தப்பாவுக்கு: விளையாடும்போது இந்தக் கம்ப்யூட்டர் சுவரிலிருந்து இழுப்பது சுமார் 300 வாட். மூன்று மணி நேரம் ஆடினால் 0.9 யூனிட். தினமும் ஆடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். உங்கள் வீட்டு ஏசியை ஒருநாள் கணக்கெடுத்துவிட்டு வாருங்கள், பேசுவோம். யுபிஎஸ் விஷயத்தில்தான் உண்மையான கவலை. ‘600’ என்று போட்டிருப்பது விஏ, வாட் அல்ல. அது தாங்குவது பெரும்பாலும் 360 வாட். கம்ப்யூட்டர் 300, மானிட்டர் 25. மூச்சு முட்டும். 1000 விஏ-க்கு மேல் பாருங்கள். அதோடு அந்த ப்ளக் பாயின்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. எங்கள் வீட்டிலேயே மாடி அறையில் அந்த மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம் என்று சம்பவத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடைசியாக, "விளையாட்டுக்குப் போய்" என்ற அந்தப் பேச்சு. விளையாடினால் மூளை வளரும், வேலை கிடைக்கும் என்றெல்லாம் நான் சப்பைக்கட்டுக் கட்டப் போவதில்லை. விளையாட்டு விளையாட்டுத்தான். சந்தோஷத்துக்காக ஆடுகிறான். ஒரு நாள் கல்யாண வரவேற்புக்கு மேடை அலங்காரம் என்று நம் வீடுகளில் கொடுக்கிற தொகையைச் சொன்னால் இந்தக் குழுவில் பாதிப் பேர் என்னோடு பேச மாட்டீர்கள். அது ஆறு மணி நேரத்தில் குப்பை வண்டியில் ஏறும். இவன் கேட்பது ஐந்தாறு வருடம் உழைக்கும், இடையில் கார்டை மாற்றலாம், ரேமைக் கூட்டலாம், விற்றாலும் கொஞ்சம் காசு வரும். அவ்வளவு செலவு முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். அது கௌரவமான பதில், பிள்ளைகளுக்குப் புரியும். ஆனால் முடியும் என்று அழைத்துப் போய், அவன் ஆறு மாதம் படித்து எழுதிய தாளைக் கடை வாசலில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ‘ஐ7 இருக்கா’ என்று கேட்காதீர்கள். நான் செய்தேன்.

அந்த வங்கி மாணவருக்கு நேற்று மறுபடி போன் செய்தேன். சனிக்கிழமை பையனோடு போகிறாராம். கடையில் பையனைப் பேசவிடுங்கள் என்றேன். நீங்கள் செய்ய வேண்டியது, ஒவ்வொரு பெட்டியும் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது, ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு சாமானின் சீரியல் எண்ணும் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. அந்த 18 சதவீதத்தைப் பேரம் பேசாதீர்கள். மாட்டிக் கொடுப்பதற்குக் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள், அது வேலை. வீட்டுக்கு வந்ததும் மானிட்டர் கேபிளைப் போர்டில் சொருகாமல் கார்டில் சொருகச் சொல்லுங்கள். 12400எஃப்-இல் ‘எஃப்’ என்றால் பிராசசருக்குள் படம் காட்டும் பகுதி கிடையாது, போர்டில் சொருகினால் திரை கறுப்பாகத்தான் இருக்கும், உடனே பதறிக் கடைக்கு ஓடுவீர்கள். ரேமின் முழு வேகத்தை பயாஸில் ஒருமுறை இயக்கிவிட வேண்டும், அதுவும் பையனுக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிறு ஸ்விட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் லேபிளை ஒரு போட்டோ எடுத்துக் கமெண்டில் போடுங்கள். லேபிள் மறைவாக இருந்தால் மட்டும் எஸ்எம்பிஎஸ்-ஐ வெளியே எடுங்கள். அதன் டப்பாவை மட்டும் எக்காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள், உள்ளே மின்தேக்கிகள் சார்ஜோடு இருக்கும். 12-ஆல் பெருக்கி நானும் பேரனும் பதில் போடுகிறோம். வகுப்பில் செய்திருக்க வேண்டியதை இப்போதாவது செய்கிறேன்.